கவாத்து வால்வெள்ளி

அனுப்புநர்:
லூ. நிலுக்ஷி,
விஞ்ஞான ஆசிரியை,
மேற்பிரிவு, ஸ்பிரிங்வெளி,
பதுளை.

பெறுநர்:
ஆணையாளர்,
மாகாண அறிவியல் ஊக்குவிப்புப் பிரிவு,
பதுளை.

பொருள்: வால்வெள்ளி ஆய்வுக் குழுவின் ஒரேயோர் ஆசிரியர் இடம் செல்வி க. ஜெயந்தினிக்கு வழங்கப்பட்டமை தொடர்பான முறைப்பாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் நகரப் பாடசாலை ஆசிரியை ஜெயந்தினியும் பல்கலைக்கழகத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள். செந்நிறக்கீழ்த் தொலைகாட்டிகள் வெப்பக் கதிர்களைப் பதிந்து இணையத்தில் வெளியிடும் தரவுகளை மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து ஆராய்ந்துவந்தோம். வாலை இழந்து கரிய கல்லாகக் கிடக்கும் வால்வெள்ளிகளே எங்கள் பாடம். அவை திருப்பியனுப்பும் ஒளி மிகச் சொற்பம். வாங்கிய வெயிலை வெப்பமாக விடும். அதை அளந்தால் மேற்பரப்பு எத்தகையது என்று கணிக்கலாம். தூசு ஓட்டின் கீழே பனி இன்னும் இருக்கக்கூடும்.

2. ஜெயந்தினி குறிப்பேட்டில் அவற்றைச் "செத்த வால்வெள்ளி" என்று எழுதினார். "செத்துப்போகலடி, கவாத்து மலை மாதிரி கெடக்கு" என்று சொல்லி, என் கையால் அதைத் திருத்தியவள் நான். என் தந்தை தோட்டத்தில் கவாத்து வெட்டுபவர். முழங்காலளவுக்கு வெட்டிய தேயிலை வெறும் குச்சியாக நிற்கும். பட்டுப்போனது என்றே தோன்றும். சில வாரங்களில் துளிர்க்கும். ஜெயந்தினி தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

3. அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து அவர் தனியே கட்டுரை சமர்ப்பித்து, வெளிநாட்டுத் தொலைகாட்டி நிலையத்துக்குச் செல்லும் இடத்தைப் பெற்றுவிட்டார். என் பெயர் எங்கும் இல்லை. அக்கட்டுரையைச் சேர்த்துத் தங்கள் பிரிவு அச்சிட்ட நூலின் 14ஆம் பக்கத்தில், "படைவீரர் கவாத்துப் பழகுவதுபோல் ஒழுங்காகச் சூரியனைச் சுற்றுவதால் இப்பெயர்" என்று விளக்கமும் எழுதியிருக்கிறார். அகராதியில் பார்த்திருப்பார். தேயிலை மலையை பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்தவர் அவர். சொல் அவருடையதல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

4. இது பொறாமை என்று தாங்கள் எண்ணலாம். பொறாமைதான், ஐயா. பஸ் நிலையத்து வாழ்த்துப் பதாகையில் அவர் சிரிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மறுபக்கம் திரும்பி நின்றுகொள்கிறேன். அவர் கொண்டுபோகும் குளிர்ச்சட்டையைக்கூட, விஷயம் தெரியாமல், நானே தெரிவுசெய்து கொடுத்தேன். கணக்கில் அவர் என்னைவிடக் கெட்டிக்காரி என்பதையும் மறைக்க விரும்பவில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

5. ஆகவே எங்கள் இருவரின் குறிப்பேடுகளையும் வரவழைத்து, கையெழுத்துகளை ஒப்பிட்டு, அவ்விடத்தை மீள்பரிசீலனை செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அது இயலாதெனில் 14ஆம் பக்கத்தையாவது திருத்தித் தாருங்கள். தன் வேலையின் பெயர் புத்தகத்தில் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, அதை வாசித்துக்காட்டும்படி அப்பா தினமும் கேட்கிறார். நான் இன்னும் வாசித்துக்காட்டவில்லை.

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
லூ. நிலுக்ஷி

இடம்: ஸ்பிரிங்வெளி
திகதி: 2025.08.18

பிரதி: செல்வி க. ஜெயந்தினி (என் கையாலேயே கொடுக்கப்படும்)