சந்தனம் வைத்த களிமண்

சுங்காயில் உன் அக்கா வீட்டில் இருக்கும் உனக்கு,

நம் பழைய தோட்டத்தில் லித்தியம் தேடித் துளைபோட்டு எடுத்த களிமண், ஈப்போவில் என் முன்னால் பெட்டி பெட்டியாகப் படுத்திருக்கிறது. அதன்மேல் விளக்கு மெல்ல நகரும். திரும்பி வரும் ஒளியைப் பார்த்து, என்ன மண் என்று கருவி கோடு வரையும். பார்த்துக்கொண்டிருந்தால் கனவு போலிருக்கும்.

ஆயுத பூசைக்குக் கருவிக்குச் சந்தனம் வைத்தேன். ஒரு பெட்டியில் ‘பலாமரத்துப் பக்கம்’ என்றிருந்தது. விரல் அந்த மண்ணுக்கும் போய்விட்டது.

மறுநாள் கோடு புதிதாக வளைந்தது.

“புது மண்ணு லா! மரத்தடியிலயே தோண்டிருவோம்,” என்றார் எங்கள் மேலாளர் லியாகத் அலி சார்.

“நான் வச்ச சந்தனம் சார்.”

திட்டித் தீர்த்தார். தோண்டவில்லை. மண்ணுக்கு ஏன் வைத்தாய் என்றார். நான் பெட்டியை மூடி வைத்தேன்.

அந்த மரத்தடியில் நாம் புதைத்த பிள்ளையின் தூக்கம் கலையவில்லை. நீ வீட்டுக்கு வா.

உன் வீட்டுக்காரன்