துணி துவைத்த திருடன்

அன்புள்ள அம்மாவுக்கு, விடுதி அறையிலிருந்து உன் காலைத் தொட்டு (இந்தத் தடவை கிள்ளாமல்) வணங்குகிறேன். உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

நேற்று அப்பா போனில் சொன்னதைக் கேட்டுச் சிரித்ததில் என் கட்டிலே ஆடியது. "அம்மா, இது என் புது நம்பர். உன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை உடனே அனுப்பு" என்று எவனோ நானாக நடித்துச் செய்தி அனுப்பினானாம். நீயும் அனுப்பப் போனவள், பழக்க தோஷத்தில், "துணியெல்லாம் துவைச்சியாடா?" என்று கேட்டாயாம். "துவைச்சு மடிச்சும் வெச்சுட்டேம்மா" என்று பதில் வந்ததாம்.

"என்னங்க, இவன் நம்ம பிள்ளையே இல்லைங்க!" என்று நீ போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டதாமே!

பாவம், நல்ல பிள்ளையாக நடித்து மாட்டிக்கொண்டான். ஆனால் ஒரு ரகசியம், அம்மா: இங்கே நான் நிஜமாகவே துவைக்கிறேன். அதனால் அந்தக் கேள்வி இனி உதவாது. ஓ.டி.பி.யை யாருக்கும் கொடுக்காதே, எனக்கும்கூட. சந்தேகம் வந்தால் என் பழைய நம்பருக்கு வீடியோவில் கூப்பிட்டு முகத்தைப் பார்த்துப் பேசு. சந்தேகம் வராத நாளில் கொஞ்சம் வரவழைத்துக்கொண்டாவது கூப்பிடு.

நம் வீட்டுத் துணி சோப்பு இரண்டு கட்டி அனுப்பு. இங்கே வாங்கியதில் அந்த வாசனை இல்லை.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். எதற்கும் இன்றைக்கே ஒரு தடவை என்னைச் சந்தேகப்படேன்.

உன் அசல் மகன்