ஓசியில் காட்டுகிற அழுகை

முத்துமாலையம்மன் துணை

ஏரல்,
ஐப்பசி மாதம்

அன்பு மகன் இசக்கிமுருகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, மஸ்கட் வெயில் உன்னை வாட்டாமல் இருக்க அம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் அக்கா மகன் மகாராஜாவுக்குத் தூத்துக்குடித் துறைமுகத்து வேலை நிரந்தரமாகிவிட்டது. அவன் தங்கை முத்துராணி நர்ஸ் படிப்பில் முதல் வகுப்பு வாங்கி, வேலைக்கும் சேர்ந்து, நிச்சயதார்த்தமும் முடிந்துவிட்டது, தையில் கல்யாணம். உன் மகள் நித்யா மாவட்டப் பாட்டுப் போட்டியில் முதல் பரிசு வாங்கி, சென்னைக்குப் போய் டிவியிலும் பாடிவிட்டாள். நம் குடும்பத்தில் எவரும் ஏறாத மேடை, அவள் குரலுக்கு அந்த அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். அந்த டிவி சேதிக்குப் பின்னால் ஒரு கெட்ட சேதியும் இருக்கிறது. போன் பேசும்போது உன் மனைவி சுடலைவடிவு பக்கத்திலேயே நிற்கிறாள், "அவியளுக்குத் தெரிஞ்சா வேலைல மனசு நிக்காது அத்தை, சொல்லீராதிய" என்று என் கையைப் பிடிக்கிறாள். எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்த டிவிக்காரர்கள் முதலில் நம் வீட்டுக்கு வந்து படம் பிடித்தார்கள். தொப்பி போட்ட ஒருத்தன் உன் போட்டோ இருக்கிறதா என்று கேட்டான், வடிவும் பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததைப் பெரிதாக்கி வைத்திருந்தாளே, நீ சிரிக்காமல் முறைத்துக்கொண்டிருப்பது, அதை எடுத்துக் கொடுத்தாள். வெளிச்சம் போதவில்லை என்று அதன் முன்னால் விளக்கை ஏற்றி வைத்தான். அப்பாவைப் பார்த்து எவ்வளவு நாளாச்சு என்று பிள்ளையிடம் கேட்டான். அவள் தேம்பிக்கொண்டே "ரெண்டு வருசமாச்சு, அப்பா மஸ்கட்ல இருக்காவ, பொங்கலுக்கு வந்துருவாவ" என்று சொன்னாள், நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். காட்டும்போது ரெண்டு வருசமாச்சு என்பதோடு வெட்டிவிட்டான். மஸ்கட்டும் இல்லை, பொங்கலும் இல்லை. உன் படம், விளக்கு, ஒப்பாரி மாதிரி ஒரு புல்லாங்குழல். பட்டுச்சேலை கட்டிய ஒரு நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உன் அப்பா மேலேயிருந்து கேட்டுக்கிட்டிருப்பாரும்மா என்கிறாள். தூ! பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கிறேன், இவளுக்கு மேலேயிருந்து சேதி வந்துவிட்டதாம்.

அது டிவியில் வந்த ஞாயிற்றுக்கிழமை ஊரே கோயில் கொடைத் திருவிழாவில் இருந்தது, யாரும் பார்க்கவில்லை. நாங்கள் மட்டும் பார்த்துவிட்டு, போகட்டும், ஆற்றோடு போன தண்ணீர் என்று விட்டுவிட்டோம். மறுநாளே அதை இலவசமாகப் பாருங்கள் என்று நெட்டில் ஏற்றிவிட்டார்கள். அழுகிற இடத்தை மட்டும் தனியாக வெட்டி, தகப்பனை இழந்த தாமிரபரணிக் குயில் என்று தலைப்பு வேறு. பிள்ளை பாடுவது பாதிதான், அழுவது முழுசும் இருக்கிறது, அவள் மூக்கை உறிஞ்சுகிற இடத்தில் சோப்பு விளம்பரம். ஓசி என்றதும் பஸ்ஸில் பார்க்கிறான், சலூனில் பார்க்கிறான், வாழைத்தார் ஏற்றுகிற இடத்தில் லாரிமேல் உட்கார்ந்து பார்க்கிறான். உமரிக்காட்டு மதினி ஆட்டோ பிடித்து வந்து, வாசலிலேயே மாரில் அடித்துக்கொண்டு சாவு வீட்டில் கேட்கிற மாதிரி துட்டி கேட்டாள். "ஏ மதினி, எம்மவன் காலைலதான் போன்ல பேசுனான்" என்றதும் அழுகையை நிறுத்தி, "அப்பம் ஆட்டோவுக்கு வேற வீணா அலைஞ்சேனே" என்கிறாள்.

அதைக்கூடச் சிரித்துத் தள்ளிவிடலாம். முத்துராணி நிச்சயத்தில் நடந்ததைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. தாய்மாமன் நீ இல்லாத இடத்தில் மாமன் சீர்த்தட்டை உன் பெண்டாட்டிதானே முன்னால் தூக்கிப் போக வேண்டும்? வடிவு கூறைச்சேலை உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்து, தட்டைத் தொட்டாள். மாப்பிள்ளையின் பெரியம்மை ஓடி வந்து கையைப் பிடித்து, "வேண்டாம் தாயி, நீ தொடாதே. பைய இங்கன வந்து உக்காரு. பூவும் பொட்டும் வச்சிருக்கியே, ஊரு ஒண்ணும் சொல்லலியா" என்று கூட்டிவந்து உட்கார வைத்தாள். எங்கே தெரியுமா, எனக்குப் பக்கத்தில். உன் அப்பா போன பிறகு நான் தட்டு வரிசையில் நின்றதில்லை, யாரும் என்னைக் கூப்பிட்டதும் இல்லை. அந்த இடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். புருசன் உயிரோடு இருக்கிறவளையும் அங்கே கொண்டு வந்து தள்ளிவிட்டார்களே. மகாராஜா உடனே வீடியோவில் உன்னைக் கூப்பிட்டு அந்த அம்மாளிடம் காட்டினான், மாமா சாப்பிட்டீரா என்று கேட்டானே, அது அதற்குத்தான். அதற்கு அவள், "இப்பம் செத்தவியளையும் போன்ல பேச வைக்காவளே, நானும் பாத்திருக்கேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து வடிவு பூ வைப்பதில்லை. பிள்ளை வாயைத் திறந்து பாடுவதில்லை, என்னாலதானே ஆச்சி என்கிறாள்.

மகாராஜா அந்த டிவிக்குப் போன் போட்டு அதை எடுக்கச் சொன்னான். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்காங்க சார், பாப்பாவுக்கு இது ஃப்ரீ பப்ளிசிட்டி, எடுத்தா அவங்களுக்குத்தான் நஷ்டம் என்றானாம் அங்கே போனை எடுத்தவன். கடைசியில் ஒரு யோசனை சொன்னான் பார். அப்பாவை மேடைக்கு சர்ப்ரைசாகக் கூட்டி வரலாம், விமான டிக்கெட் நாங்களே போடுகிறோம் என்றானாம். உயிரோடு இருக்கிறவனைக் கொன்றதும் அவர்கள், எழுப்பிக் காட்டி இன்னொரு தரம் ஓசியில் ஓட்டப்போவதும் அவர்கள். உன் நம்பரை நாங்கள் கொடுக்கவில்லை, எப்படியும் பிடித்துவிடுவார்கள். கூப்பிட்டால் போகாதே. தையில் வரவேண்டியவன் அடுத்த வாரமே வருவாய் என்று என் மனசும் ஒரு நிமிஷம் ஆசைப்பட்டது, பொய் சொல்வானேன். ஆனாலும் வேண்டாம் ஐயா. அவர்கள் டிக்கெட்டில் வந்தால் உன் பிள்ளை உன்னைக் கட்டிப்பிடித்து அழுவதையும் வெட்டி விற்பான். உன் லீவில் வா, உன் வாசலில் வந்து இறங்கு. அக்காவிடமும் சொல்லிவிட்டேன், கார்த்திகையில் தாலிக்குப் பொன்னுருக்குகிற அன்று வடிவுதான் முன்னால் தட்டெடுப்பாள், இல்லையென்றால் என் வீட்டு ஆட்கள் ஒருவரும் வரமாட்டோம் என்று.

வேளைக்குச் சாப்பிடு, மோர் நிறையக் குடி, நித்யாவிடம் நீயே பேசிப் பாடச் சொல். அம்மன் உன்னைக் காக்கட்டும், நீண்ட ஆயுசோடு இரு, இந்த வார்த்தையை இந்தத் தடவை அழுத்தியே எழுதுகிறேன். ஒரு வேலை செய். புதுசாக ஒரு போட்டோ எடு, கலர்ச் சட்டை போட்டு, பல் தெரியச் சிரித்து. போனில் அனுப்பாதே, அதையும் எவனாவது எடுத்துப் போடுவான். காகிதத்தில் போட்டு, தேதி தெரிகிற அந்த ஊர்த் தபால் முத்திரையோடு அனுப்பு. நான் அதைச் சுவரில் மாட்டமாட்டேன். கவரோடு இடுப்பில் செருகிக்கொண்டு போய், அந்தப் பெரியம்மை கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். பொன்னுருக்குக்கு முன்னால் வந்து சேருகிற மாதிரி சீக்கிரம் தபாலில் போடு.

உன் அம்மா,
பிரமசக்தி