பெயருக்கு மேல் ஆகாயம்

அய்யா உண்டு

சாலைக் கடைத்தெரு,
திருவனந்தபுரம்.
6-2-1955

அன்புள்ள முத்துக்கனிக்கு, குமாரதாஸ் எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஓட்டல் சாம்பார் வயிற்றைப் பதம் பார்த்துவிட்டது. நீ வைக்கும் உளுந்தங்கஞ்சியை நினைத்துக்கொண்டு சோடா குடித்து வருகிறேன். உன் அப்பாவையும் அம்மையையும் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

தைத் திருவிழாவுக்கென்று பிறந்த வீட்டுக்குப் போனவள், தேர் நிலைக்கு வந்த பிறகும் திரும்பவில்லை. கோபம் ஆறவில்லை என்று தெரிகிறது. அப்படி என்னதான் நடந்துவிட்டது? நீ கண்ணாடியில் வரைந்த முருகன் படத்தின் மூலையில் உன் பெயரை எழுதியிருந்தாய். பிரேம் போடும்போது என் கண்ணில் பட்டது. பிளேடால் சுரண்டினேன், அந்த இடத்தில் கொஞ்சம் நீலம் பூசினேன். அவ்வளவுதானே. ஆகாயத்தில் ஆகாயம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்? வருகிறவர்கள் 'தாஸ் பிரேம் கடை' என்ற லேபிளைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். சாமிக்குப் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளையின் பெயர் இருந்தால், கும்பிடுகிறவன் யாரைக் கும்பிடுவான்? நீயே யோசித்துப் பார்.

கண்ணாடிப் படம் கேட்டு ஆட்கள் வந்து திரும்பிப் போகிறார்கள். வேறு வழியில்லாமல் போர்டு எழுதும் சத்தியராஜைக் கூப்பிட்டு வரையச் சொன்னேன். அவன் வரைந்த லட்சுமிக்குப் பக்கத்து அரிசிக்கடை நாராயணபெருமாளின் முகம் வந்துவிட்டது. மீசை ஒன்றுதான் இல்லை. அடுத்த வாரத்துக்குள் பஸ் ஏறி வந்து சேரவும்.

உன் பிரியமுள்ள,
குமாரதாஸ்


அய்யா உண்டு

தாமரைகுளம்
15-2-1955

அன்புள்ள அத்தானுக்கு, முத்துக்கனி வணக்கத்துடன் எழுதுவது.

சோடாவை நிறுத்துங்கள். தோலுளுந்தை லேசாக வறுத்து, அரிசியோடு பூண்டும் வெந்தயமும் போட்டு வேகவிட்டு, கடைசியில் தேங்காய் துருவிப் போடுங்கள். ஆண்கள் வைத்தாலும் உளுந்து வேகும்.

அவ்வளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். நான் கண்ணாடியின் முதுகில் வரைகிறவள் என்பது கடைக்காரரான உங்களுக்கே மறந்துபோயிற்றா? பார்க்கிறவர் கண்ணுக்கு முன்னால் வருவதை நான் முதலில் எழுத வேண்டும். கண்மணி, மூக்குத்தி, உதட்டுக் கோடு. அதன் மேல் முகத்தின் நிறம், சேலை. கடைசியில்தான் ஆகாயம். வலது இடதாகும், இடது வலதாகும். முதல் கோடு தப்பினால் படமே தப்பு. என் பெயரையும் கண்மணியோடு கண்மணியாக முதலிலேயே, வலமிருந்து இடமாகத் திருப்பி எழுத வேண்டும். அப்படி எழுதிப் பழக ஒரு கார்த்திகை மாதம் முழுவதும் ஆயிற்று. நீங்கள் கடை சாத்துவதற்குள் உடைந்த கண்ணாடித் துண்டுகளில் எழுதி எழுதி அழிப்பேன். அதைத்தான் சுரண்டினீர்கள். பிளேடு கிறீச்சிட்ட சத்தம் இன்னும் என் பல்லில் கூசுகிறது.

இங்கே நான் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சுவாமிதோப்புத் திருவிழாவில், பனங்கற்கண்டு விற்கிறவளுக்கும் வளையல்காரருக்கும் நடுவில் ஓலைப்பாய் விரித்து என் படங்களை வைத்தேன். சாமி படம் ஒன்றும் கொண்டு போகவில்லை. நம் அய்யாவழித் தாங்கலில் சிலை இல்லாமல் வெறும் கண்ணாடியைத்தானே கும்பிடுகிறோம். சாமி இல்லாத படம் விலை போகாது என்று நீங்கள் ஓரங்கட்டி வைத்தீர்களே, அந்தக் கோழியும் குஞ்சும், பனையேறி, முட்டம் கடற்கரை விளக்குமரம், அவைதான். பனையேறியை வாங்கிய பெரியவர் மூலையில் இருந்த பெயரை வாசித்துவிட்டு, "ஆரும்மா இந்த முத்துக்கனி? ஒனக்க மாப்பிளையா?" என்று கேட்டார். "நான்தான்" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடித்திருந்தது.

அடுத்தது மண்டைக்காட்டு அம்மன் கொடைத் திருவிழா. அங்கேயும் கடை விரிக்கப் போகிறேன்.

தங்கள் அன்பு மனைவி,
முத்துக்கனி


அய்யா உண்டு

திருவனந்தபுரம்
13-3-1955

முத்துக்கனிக்கு எழுதுவது.

மண்டைக்காட்டுக்குப் போய்வந்த நம் ஊர் சுயம்புலிங்கம் நேராகக் கடைக்கு வந்து, நாலு பேர் முன்னால், "அண்ணாச்சி, மைனி நல்லா கூவி விக்காவ" என்று சொன்னான். அவன் உன்னைப் பாராட்டினானா என்னைக் குத்திக் காட்டினானா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தது மட்டும் விளங்கியது.

சாலைத் தெருவில் கண்ணாடி அலமாரி வைத்துக் கடை நடத்துகிறவனின் பெண்சாதி, திருவிழா மணலில் சம்மணம் போட்டுக் கூவுவதா? ஊரெல்லாம் என்ன பேசும்? அவனுக்குச் சோறு போட வக்கில்லை என்று பேசும். விளக்குமரம் வரைந்து விற்கிறாயாமே. விளக்குமரத்துக்கு யாராவது சூடம் காட்டுவார்களா?

நான் கல்நெஞ்சன் இல்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால் வருவதானால் பெயரை அங்கேயே விட்டுவிட்டு வா. பெயர்தான் பெரிதென்றால் அங்கேயே இரு.

இப்படிக்கு,
குமாரதாஸ்


அய்யா உண்டு

தாமரைகுளம்
2-4-1955

அன்புள்ள அத்தானுக்கு,

சுயம்புலிங்கம் சொன்னது பொய்யில்லை. கூவினேன். முதலில் நாக்கு எழும்பவில்லை. போதாததற்குக் கடற்காற்று அடித்து, நிறுத்தி வைத்த படங்கள் குப்புற விழுந்து பாதி உடைந்துபோயின. பொறுக்கப் போய் விரலை வெட்டிக்கொண்டு அழுகையோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் சிப்பிப் பொம்மை விற்கிற இசபெல் என்ற முட்டத்துக்காரி எழுந்து வந்தாள். என்னைத் தேற்றவில்லை. படங்களைக் கால்வாசி மணலில் புதைத்து நிறுத்தினாள். "இனி காத்து வந்து கும்பிட்டாலும் அசையாது. அழுதது போதும் மக்கா, கூப்பிடு" என்றாள். அவள் தொண்டைக்கு அலைச் சத்தமே அடங்கும். அவளோடு சேர்ந்து கூவியதில் எனக்கும் தொண்டை திறந்துகொண்டது. இப்போது இரண்டு பேரும் சேர்ந்தே திருவிழாக்களுக்குப் போகிறோம்.

மானத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் அம்மை கருப்பட்டிக் கடகத்தைத் தலையில் சுமந்து வடசேரிச் சந்தையில் கூவி விற்ற காலத்தில்தான் நீங்கள் பெண் கேட்டு வந்தீர்கள். அந்தக் கூப்பாடு அன்றைக்கு உங்கள் காதில் விழவில்லையா? கருப்பட்டி விற்றால் குடும்பப் பெண், படம் விற்றால் மானக்கேடா? மானம் எதை விற்றால் போகும், எதை விற்றால் தங்கும் என்று உங்கள் கடை வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டுங்கள். சத்தியராஜ் அழகாக எழுதுவான்.

விளக்குமரத்துக்கு யாரும் சூடம் காட்டவில்லை. நெய்யூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒரு கடல்காரருக்காக அவர் மகள் அதை வாங்கிப் போனாள். கட்டிலுக்கு எதிரே மாட்டியிருக்கிறதாம். கண் விழித்ததும் அதைத்தான் தேடுகிறாராம். எனக்கு அது போதும்.

பெயரை விட்டுவிட்டு வரச் சொல்கிறீர்கள். பெயரை விட்டுவிட்டால் அப்புறம் வருவது எது? இந்தக் கை மட்டுமா? கை மட்டும் தனியாக பஸ் ஏறாது அத்தான்.

அங்கேயே இரு என்றீர்கள். இருக்கிறேன்.

தங்கள்,
முத்துக்கனி


அய்யா உண்டு

திருவனந்தபுரம்
14-10-1956

அன்புள்ள முத்துக்கனிக்கு, குமாரதாஸ் எழுதுவது.

கடிதம் எழுதி ரொம்ப நாளாயிற்று. போன பொங்கலுக்கு ஒரு கடிதம் எழுதி, தபாலில் போடாமல் கிழித்துவிட்டேன். நீ எழுதுவாய் என்று நானும், நான் எழுதுவேன் என்று நீயும் இருந்திருப்போம்.

மதராஸில் நடக்கிற கைத்தொழில் பொருட்காட்சிக்குச் சாமான் சேர்க்கிற ஒருவர் சென்ற வாரம் கடைக்கு வந்தார். கண்ணாடிப் படம் வேண்டும் என்றார். எடுத்துக் காட்டினேன். மூலையைப் பார்த்தார், மறு மூலையைப் பார்த்தார். "இதில் முத்துக்கனி எங்கே?" என்று கேட்டார். லேபிளைக் காட்டினேன். படத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு வெகுநேரம் எனக்கு வியாபாரத்தில் மனம் செல்லவில்லை.

நீ வா. இனிமேல் பெயரை எழுதிக்கொள். லேபிளைவிடப் பெரிதாக வேண்டுமானாலும் எழுது, நான் தொடமாட்டேன். கடைக்குப் பின்னால் உள்ளறையை உனக்கென்று ஒழித்துத் தருகிறேன். முன்வாசலுக்கு வந்து விற்க மட்டும் வேண்டாம். அந்த ஒன்றை எனக்காக விட்டுக்கொடு.

உளுந்தங்கஞ்சி நானே வைக்கிறேன். தினமும் அடிப்பிடிக்கிறது. கட்டிலில் உன் பக்கத்தில் பிரேம் சட்டங்களை அடுக்கி வைத்திருக்கிறேன். காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியவில்லை.

உன்,
குமாரதாஸ்


அய்யா உண்டு

தாமரைகுளம்
5-11-1956

அன்புள்ள அத்தானுக்கு, முத்துக்கனி எழுதுவது.

இந்த மாதம் முதல் நாங்கள் சென்னை ராஜ்யம், நீங்கள் கேரளம். இங்கே தெருவெல்லாம் தோரணமும் வெடியும்தான். புருஷன் ஒரு ராஜ்யம், பெண்சாதி ஒரு ராஜ்யம் என்று இசபெல் என்னைக் கேலி செய்கிறாள். பஸ் பழையபடி வருகிறது, அதனால் பாதகமில்லை.

அடிப்பிடித்த கஞ்சியை வாசித்துச் சிரித்தேன். கட்டிலைப் பற்றி வாசித்து அழுதேன். மறைக்க ஒன்றுமில்லை. நீங்கள் இல்லாமல் எனக்கும் நன்றாக இல்லை.

ஆனால் உள்ளறை எனக்கு வேண்டாம். வெயிலும் மணலும் கூட்டமும் பழகிவிட்டன. நான் வரைந்த கோழியைப் பார்த்து ஒரு குழந்தை கைதட்டுவதை உள்ளறையிலிருந்து எப்படிப் பார்ப்பேன்? அதனால் நான் ஒன்று கேட்கிறேன். இந்த மாதக் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா. தேர் நாளன்று வாருங்கள். என் பாயில் என் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் கூவ வேண்டாம், அதை நான் பார்த்துக்கொள்வேன். யாராவது வந்து இது ஆருக்க படம் என்று கேட்டால், என்னைக் காட்டி, "இவளுக்க படம்" என்று சொல்லுங்கள். அவ்வளவுதானே.

அதைச் சொல்லிவிட்டால், அன்றைக்கே பாயைச் சுருட்டிக்கொண்டு உங்களோடு பஸ் ஏறுகிறேன். திருவிழா நாட்களில் மட்டும் என்னை அனுப்பி வையுங்கள். உங்களுக்குப் பாயில் இடம் விட்டு வைத்திருப்பேன்.

தங்கள் அன்பு மனைவி,
முத்துக்கனி


அய்யா உண்டு

தாமரைகுளம்
8-12-1956

தாஸ் பிரேம் கடை உரிமையாளர் அவர்களுக்கு, முத்துக்கனி எழுதுவது.

தேர் நாளன்று பாயில் உங்கள் இடத்தில் யாரையும் உட்காரவிடவில்லை. இசபெல்கூட மணலில்தான் உட்கார்ந்தாள். திருவனந்தபுரம் பஸ் வரும்போதெல்லாம் கழுத்தை நீட்டிப் பார்த்தேன். நீங்கள் வரவில்லை. உங்கள் படம் வந்தது.

இது என் படம்தானா என்று கேட்டு ஞானபாய் என்ற ஒரு அம்மாள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கோட்டாற்றுக் கடைத்தெருவில் வாங்கினாளாம். முத்துக்கனி படம் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம். திருவனந்தபுரத்திலிருந்து பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கிறதாம். பார்த்தால், முட்டம் விளக்குமரம். மூலையில் வெள்ளைப் பெயிண்டில் ஏதோ எழுதியிருந்தது. இசபெல் வாங்கி அப்படியும் இப்படியும் திருப்பினாள். "ஏட்டி, ஒனக்க பேரு மாதிரி கெடக்கு. ஆனா வாசிக்க வரல்லியே" என்றாள். பக்கத்து வளையல்காரரிடம் முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தது. அதற்கு முன்னால் படத்தைப் பிடித்தேன். கண்ணாடிக்குள் நேராகத் தெரிந்தது, முத்துக்கனி என்று.

படம் சத்தியராஜ் வரைந்தது. இப்போது அவனுக்குக் கை படிந்திருக்கிறது, விளக்குமரம் மோசமில்லை. பெயர் அவன் எழுதியதில்லை. கண்ணாடியில் போர்டு எழுதுகிறவனுக்குத் திருப்பி எழுதத் தெரியும். அவனிடம் சொல்ல உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். மூலையில் கொஞ்சம் இடம் விட்டு வைக்கச் சொல்லி, கடிதத்தில் எழுதுவதுபோல நேராக எழுதி, மேலே நீலம் பூசி, பலகை வைத்து ஆணி அடித்துவிட்டீர்கள். முன்பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை. கால் மடக்கி உட்கார்ந்திருக்கும் அந்த ககரம், கல்யாணமான நாளிலிருந்து உங்கள் கடிதம் எல்லாவற்றிலும் நான் ஆசையாகப் பார்த்த ககரம்.

பெயரைத் திருடியதற்காக உங்களோடு சண்டை போட எனக்கு ஆசை இல்லை. வேண்டாம் என்று சுரண்டிய பெயருக்குத் திருடுகிற அளவுக்கு மதிப்பு வந்திருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. எனக்கு வலித்தது வேறு. அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, உங்கள் கண்ணெதிரே வரைந்தேன். நான் பெயர் எழுதுகிற நேரத்தில் ஒரு தடவை பக்கத்தில் வந்து நின்றிருந்தால், அது எந்தப் பக்கமிருந்து எழுதுவது என்று தெரிந்திருக்கும். கட்டின பெண்சாதியின் பெயரை எழுத உங்களுக்குத் தெரியவில்லை. பாயில் உட்கார்ந்து சொல்லியிருக்கலாம், அதற்கு எழுத்துகூட வேண்டாம். அதையும் உங்களால் சொல்ல முடியவில்லை.

ஞானபாய்க்கு என் கையால் வரைந்த விளக்குமரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, அந்தப் படத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து பலகையைக் கழற்றி, மூலையில் இருந்த பெயரைப் பிளேடால் சுரண்டினேன். இந்தத் தடவை பல் கூசவில்லை. அந்த இடத்தில் நீலம் பூசி, வைக்கோல் சுற்றி, இத்துடன் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். லேபிள் ஒட்டி விற்றுக்கொள்ளுங்கள். ஆகாயத்தில் ஆகாயம் கூடினால் யாருக்கு என்ன நஷ்டம்? மீதிப் பெட்டிகளிலும் அப்படியே செய்துவிடுங்கள். இல்லையென்றால் கண்ணாடியும் கையுமாகத் திருவிழா திருவிழாவாக நின்று, எது என் பெயர், எது உங்கள் கை என்று கூவிச் சொல்வேன். என் தொண்டையைப் பற்றி சுயம்புலிங்கத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுசீந்திரம் தேர். பாயில் நீங்கள் உட்கார வேண்டிய இடத்தில் புதுப் படங்களை அடுக்கப் போகிறேன். இடம் போதாமல்தான் இருந்தது.

கீழே என் பெயரை இடமிருந்து வலமாக, நேராகவே எழுதியிருக்கிறேன். வாசிக்க உங்களுக்குச் சிரமம் இருக்காது.

முத்துக்கனி