சிபாரிசில் நான் எழுதிய சொல்

பென்னாகரம்
9-12-1985

அன்பு மகன் முனிராஜுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம், பிலாய்க் குளிரில் நீயும் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. எனக்குத்தான் நாலு நாளாக மனசு சரியில்லை, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நடுகல் ஆராய்ச்சிக்கு ஜெர்மனியிலிருந்து வந்து நம் மாடி அறையில் தங்கியிருக்கும் எல்கேவை, வாசகர் மன்றத்தின் தை மாதச் சொற்பொழிவு வரிசையில் பேச வைக்கலாம் என்று நான்தான் சிபாரிசுக் கடிதம் கொடுத்தேன். அதில் அவசரத்தில், வேடியப்பன் என்று நாம் கும்பிடும் கற்கள் மாடு மீட்கப் போய்ச் செத்தவர்களுக்கு நட்டவை என்று இவர் விளக்குவார் என எழுதிவிட்டேன். மன்றத் தலைவர் பெரியண்ணனுக்கு வேடியப்பன் குலசாமி. கடிதத்தைக் கூட்டத்தில் படித்ததும் அவர் முகம் கறுத்துவிட்டது. எங்க சாமியச் செத்தவன்னு சொல்றதுக்கு சீமையில இருந்து ஒரு அம்மா வரணுமாங்க டீச்சர், இனி கல்லுகிட்டயே அவங்கள விடமாட்டோம் என்றார். கல்லைப் பார்க்க முடியாவிட்டால் அவளுடைய இரண்டு வருட வேலையும் பாழ்.

ஆனால் எல்கே ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லையப்பா. கல்லில், சண்டையில் வீழ்ந்த வீரனை மதித்துச் சொல்லும் பழஞ்சொல்லாகப் பட்டான் என்றுதான் வெட்டியிருக்கிறது, அவளும் பட்டான் என்றே சொல்வாள், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போவாள். செத்த என்பது என் பேனா போட்ட சொல். தமிழ் டீச்சராக இருந்துகொண்டு அதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன், பழி அவள் தலையில் விழுந்தது. நான் என்ன தப்புப் பண்ணேன் டீச்சரம்மா என்று அவள் கேட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று பெரியண்ணன் வீட்டுக்கே போய், சொல் என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு அதில் பங்கில்லை என்று அவர் மகன்கள் எதிரிலேயே சொன்னேன். அதற்கு அவர், அந்தம்மா பேசட்டுங்க, கல்லையும் பாத்துக்கட்டும், நீங்க இனிமே மன்றத்துப் படி ஏறாதீங்க என்றார். பதினாறு வருடம் நான் ஓடியாடி வளர்த்த மன்றம். சரிங்க என்று வந்துவிட்டேன், வலிக்காமல் இல்லை.

கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துவிடாமல் போட்டுக்கொள். எல்கேவுக்கு எழுதினால் இதைப் பற்றி மூச்சு விடாதே, தெரிந்தால் மன்றத்தில் பேசவே மாட்டேன் என்பாள். அவள் பேசும் அன்றைக்கு அப்பாவை அனுப்புகிறேன், அவள் பேசியதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு வந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன். நோய்நொடி இல்லாமல் நல்லபடியாக இருப்பாயாக.

உன் அம்மா
ராஜாமணி