டீச்சர் வயலில் முப்பத்தெட்டுப் பேர்

நாணற்குடி,
கூத்தாநல்லூர் வழி,
ஐப்பசி 28.

அன்பு அக்கா மகள் மதிவதனிக்கு,

உன் மாமன் நெடுஞ்செழியன் எழுதுவது. இங்கே உன் அம்மா, அப்பா, நான், உன் அத்தை, கன்று போட்டு பத்து நாளான மாடு எல்லோரும் சௌக்கியம். சிங்கப்பூரில் நீயும் சௌக்கியமாகத்தான் இருக்க வேண்டும். ஏதாவது குறை இருந்தால் சொல், அந்த நாட்டு சர்க்காருக்கே ஒரு கடிதம் போட்டுவிடுகிறேன்.

வாட்ஸ்அப்பில் தினம் பேசி அனுப்புகிற மாமன் எதற்குத் திடீரென்று பேனா பிடித்தான் என்று யோசிப்பாய். இது தண்டனை. ஐம்பத்தோரு வயதில், மீசை நரைத்த பிறகு, செந்தாமரை டீச்சர் எனக்கு இம்போசிஷன் கொடுத்துவிட்டார்கள். நடந்ததை நடந்தபடி என் கையாலேயே உனக்கு எழுத வேண்டுமாம். பக்கம் பக்கமாக அவர்கள் சிவப்பு மையில் திருத்துவார்களாம். அதற்குப் பிறகுதான் தபாலாம். ஆகவே அங்கங்கே சிவப்பாக இருந்தால் பயப்படாதே.

எனக்கு எழுத வருமா என்று கேட்காதே. நான் அந்தக் காலத்து எட்டாவது. இந்தக் காலத்து காலேஜுக்குச் சமம். (எட்டாவதில் மூன்று மாதம் மட்டும். அதைச் சேர்க்கச் சொல்லிவிட்டார்கள்.)

விஷயத்துக்கு வருகிறேன். டீச்சர் ரிட்டயர் ஆனதும் நம் ஊர் வாய்க்காலின் கடைசியில் மூன்று மா நிலம், அதாவது ஒரு ஏக்கர், வாங்கினார்கள் இல்லையா? அவர்கள் அம்மா ரெங்கம்மாள் ஆத்தா நாற்பது வருஷம் கூலிக்கு நடவு நட்ட அதே நிலம். விற்றவர் தியாகேசன் ஐயா. தண்ணீர் ஏறாத நிலம் என்றுதான் அவரே விற்றார். விற்ற கையோடு டீக்கடையில் பத்துப் பேர் முன்னால், "டீச்சர், எனக்கே அங்க தண்ணி வரல, உங்களுக்கா வரப்போகுது? கரும்பலகையில நெல்லு முளைக்காது பாத்துக்குங்க" என்று சிரித்தார். டீச்சர் கோபப்படவில்லை. "இந்தச் சம்பா எனக்குத் தவறிப்போச்சுன்னா, உங்க நிலத்தை உங்ககிட்டயே திருப்பிக் கொடுத்துடுறேங்க ஐயா" என்று சொல்லிவிட்டார்கள். சொன்னால் சொன்னதுதான், அவர்களைப் பற்றி உனக்குத் தெரியாதா?

ஆவணிக் கடைசியில் வெள்ளைப் பொன்னி விதைத்து நாற்றங்கால் விட்டார்கள். முளைத்தது. அதோடு தண்ணீர் நின்றுபோனது. மேலே உள்ளவர்கள் பாய்ச்சி மிச்சம் வந்தால்தானே கடைசி வயலுக்கு? பதினைந்து நாள் நாற்று மஞ்சளடித்துத் தலை சாய்த்துவிட்டது. டீச்சர் காலையும் மாலையும் குடத்தில் மொண்டு ஊற்றினார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதைப் பார்த்துக்கொண்டு உன் மாமன் சும்மா இருப்பானா? ஒரு வியாழக்கிழமை டீச்சர் கண் பரிசோதனைக்கு முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போனார்கள். நான் போனைக் கையில் எடுத்தேன்.

முதலில் ராஜராஜன். தியாகேசன் ஐயா மகன்தான். கணக்கில் முட்டை வாங்கியவனை அப்பா வயலில் இறக்கிவிடப் பார்த்தபோது, ஒரு வருஷம் தன் வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துக் கரையேற்றியது டீச்சர். அவன் வயலில்தான் வாய்க்கால் மதகு இருக்கிறது. "டீச்சர் நாத்து காஞ்சுபோச்சுடா. உன் பேரைச் சொல்லித்தான் அழறாங்க. உன்னை விட்டா அவங்களுக்கு யாரு இருக்கா? வெளியில மூச்சு விடாத" என்றேன். போனிலேயே மூக்கை உறிஞ்சினான்.

அடுத்தது காதர் மைதீன். கூத்தாநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறானே, அவன்தான். டீச்சர் வயலுக்குப் பக்கத்து வயலில் அவனுக்கு போர்செட் உண்டு. நாலாவது படிக்கும்போது அவன் வாப்பா குவைத்தில் மௌத்தாகிப்போனார். அன்று முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது டீச்சர். அவனிடமும் அதே பாட்டுத்தான். மூன்றாவது நம் ஊராட்சித் தலைவர் பிரகதீஸ்வரி. பதினைந்து வயதில் நடக்க இருந்த கல்யாணத்தை நிறுத்தி ஹாஸ்டலில் சேர்த்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைவராயிற்றே என்று மரியாதையாக, "உங்க பேரைச் சொல்லித்தாங்க அழறாங்க" என்றேன்.

("நான் எப்போதடா அழுதேன்?" என்று ஓரத்தில் சிவப்பில் இருக்கிறது பார்.)

ஒருவருக்கு ஒருவர் தெரியாமல் ஏன் செய்தேன் என்றால், நாளைக்கு மூன்று பேரும் தனித்தனியாக என் கையைப் பிடித்து, "உங்களாலதாண்ணே டீச்சருக்கு உதவ முடிஞ்சுது" என்று சொல்வார்கள் அல்லவா? அந்த ஆசைதான். மத்தியானம் மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் படுத்தேன்.

இதற்குள் அன்று காலை பத்து மணிக்கே ராஜராஜன் மதகுப் பலகை இரண்டையும் உருவிவிட்டிருந்தான். பதினொரு மணிக்கு காதர் மைதீன் மோட்டாரைப் போட்டு, டீச்சர் வயலில் ஹோஸை இழுத்து வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டான். பன்னிரண்டு மணிக்கு பிரகதீஸ்வரி, ரோட்டுப் பாலத்தடியில் வாய்க்காலை அடைத்துக் கிடந்த ஆகாயத்தாமரையை ஜேசிபி வைத்து ஒரே வாராக வாரி எறிந்துவிட்டது. ஒருவர் செய்தது இன்னொருவருக்குத் தெரியாது. மூன்று பக்கத்துத் தண்ணீரும் சேர்ந்து எங்கே போகும்?

மாலை ஐந்து மணிக்கு டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வயலுக்குப் போனார்கள். ஒரே கடல். கப்பல் விடலாம். (முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே.) தண்ணீர் நாற்றங்கால் வரப்பை அறுத்துவிட, நாற்றெல்லாம் வேரோடு பெயர்ந்து வடிகாலில் போய்க்கொண்டிருந்தது. டீச்சர் செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கி, மிதந்து போனதில் ஒரு கொத்தைப் பிடித்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். இந்த இடத்தில் நான் ஒன்றும் கூட்டவில்லை, மதி. கூட்ட மனசு வரவில்லை.

அந்த நேரம் பார்த்து மூன்று பேரும் மூன்று திசையிலிருந்து சந்தோஷமாக வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "நீயுமாடா?" "நீங்களுமாக்கா?" என்ற சத்தம் எனக்குக் கேட்டது. நான் எங்கே இருந்தேன் என்கிறாயா? மோட்டார் கொட்டகைக்குப் பின்னால், நிலைமையைக் கண்காணித்துக்கொண்டிருந்தேன். ("ஒளிந்துகொண்டிருந்தான்." சிவப்பு மை.)

தியாகேசன் ஐயாவும் குடையை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். "தண்ணி வராதுன்னு நான் சொன்னது தப்புதான் டீச்சர். நல்லாவே வந்திருக்கு. பத்திரம் எப்ப எழுதலாம்?" என்று கேட்டார். டீச்சர் மூன்று பேரையும் பார்த்து, "யாரு சொன்னது?" என்றார்கள். அஞ்சாம் வகுப்பில் நீட்டிய மாதிரியே மூன்று விரலும் கொட்டகைப் பக்கம் நீண்டன.

"நெடுஞ்செழியா, வெளியில வா."

அவர்கள் சொல்லுமுன் நானாகவே வரப்பில் முட்டி போட்டுவிட்டேன். திட்டுவார்கள் என்று பார்த்தேன், திட்டவில்லை. "பொய் சொன்ன அதே போனை எடு. உன்கிட்ட என் பிள்ளைங்க எத்தனை பேர் நம்பர் இருக்கோ, அத்தனை பேருக்கும் நிஜத்தைச் சொல்லு. எனக்குக் கேக்குற மாதிரி சொல்லு" என்றார்கள்.

வெள்ளியும் சனியும் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஸ்பீக்கரில் போட்டு, ஒரே வாக்கியம்: "நான் பொய் சொல்லிட்டேன். டீச்சர் யாரையும் கேக்கல, அழவும் இல்ல. என்னாலதான் நாத்து போச்சு. வெள்ளைப் பொன்னி நாத்து இருந்தா ஞாயித்துக்கிழமை கொடுங்க, இல்லன்னா பரவாயில்ல." முதல் நாலு போனில் நாக்கு புரளவில்லை. ஒருத்தன் என்னைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. பக்கத்திலிருந்து டீச்சர் இருமினார்கள். அவன் போனை வைத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முந்நூறு பேர் வந்தார்கள். (சிவப்பு மையில் "முப்பத்தெட்டு" என்று திருத்தியிருக்கிறார்கள். அப்படியே இருக்கட்டும்.) என்ன கூட்டம் என்கிறாய்! பாபநாசத்திலிருந்து, டீச்சரிடம் படித்த கலந்தர் மினி வேனில் நாற்றுமுடியாக அடுக்கிக்கொண்டு வந்தான். நாற்று இல்லாதவர்கள் கையை மட்டும் கொண்டுவந்தார்கள். தஞ்சாவூர் பேங்கில் வேலை பார்க்கிறவர் பேன்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். மத்தியானம் காதர் மைதீன் வீட்டு பிரியாணி. பொய் சொல்லிக் கூப்பிட்டதற்கு மூன்று பேர் வந்து நாற்றை மூழ்கடித்தார்கள். நிஜத்தைச் சொன்னதற்கு ஊரே வந்து நட்டுக் கொடுத்தது. இதில் எனக்கும் கொஞ்சம் பெருமை உண்டு. போன் பண்ணியது நான்தானே?

ராஜராஜன் எங்கிருந்து நாற்று கொண்டுவந்தான் தெரியுமா? அவன் அப்பா நாற்றங்காலிலிருந்து! தியாகேசன் ஐயா குடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "டேய், அது என் நாத்துடா!" என்று கத்தினார். டீச்சர் வரப்பிலிருந்தே, "நாத்து உங்களுதுதாங்க ஐயா. பையன் என்னுது" என்றார்கள். வயல் முழுக்க ஒரு சிரிப்பு. பெரியவர் என்ன செய்வார்? குடையை விரித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்கு அவரே, "டேய், இவ்வளவு ஆழமாவா நடுவாங்க?" என்று யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இறங்குவதற்கு முன் டீச்சர் ஒன்று செய்தார்கள். அதைப் பிறகு சொல்கிறேன். முதல் முடியைப் பிரித்து, வடகிழக்கு மூலையில் அவர்கள்தான் நட்டார்கள். "அம்மா எப்பவும் இந்த மூலையிலதான் இறங்கும்" என்றார்கள். பெண்பிள்ளைகள் நட்டது வரிசை பிடித்த மாதிரி போனது. நாங்கள் ஆம்பிளைகள் நட்டதைப் பார்த்து பிரகதீஸ்வரி, "ராஜா, இது நடவா, மாட்டுத் தடமா? பிடுங்கித் திரும்ப நடு!" என்று விரட்டியது. டீச்சர் வரப்பில் நடந்துகொண்டே, நாலு கோடு நோட்டில் எழுதச் சொல்கிற மாதிரி, "கோட்டை விட்டு வெளியில போகாத, நெடுஞ்செழியா" என்றார்கள். நாலு மணிக்கெல்லாம் மூன்று மாவும் நட்டாகிவிட்டது.

நட்டு இன்றைக்கு நாற்பத்தைந்து நாள். பாலத்தடி அடைப்பு போனதிலிருந்து கடைசி வயலுக்கும் தண்ணீர் வருகிறது. பயிர் பச்சை பிடித்து, தூர் கட்டி, கரும்பச்சையாக நிற்கிறது. ஐப்பசி மழை இரண்டு தடவை அடித்தும் அசையவில்லை. முந்தாநாள் தியாகேசன் ஐயா வந்து, குடை நுனியால் பயிரை விலக்கிப் பார்த்தார். "நல்லா தூர் கட்டியிருக்கு டீச்சர். இப்ப உரம் போட்டுடாதீங்க, மழை விடட்டும்" என்றார். புரிகிறதா? ஒரு விவசாயி இன்னொரு விவசாயிக்குச் சொல்கிற பேச்சு அது. பத்திரப் பேச்சே வாயில் வரவில்லை. டீச்சர், "சரிங்க ஐயா" என்று மட்டும் சொன்னார்கள். ஆனால் அன்று டீக்கடையில் இருந்த எல்லோருக்கும் அவர்கள் காசில் டீ. நான் இரண்டு குடித்தேன்.

இவ்வளவுதான் நடந்தது. சத்தியமாக நடந்தது.

இப்படிக்கு உன் மாமன்,
நெடுஞ்செழியன்.

(பத்துக்கு ஆறு. கையெழுத்துக்கு ஒரு மதிப்பெண் குறைத்திருக்கிறேன். — செ.)


மதி, இது தனித் தாள். டீச்சர் பார்க்காதது. தபாலாபீஸ் வாசலில் சைக்கிள் சீட்டில் வைத்து எழுதுகிறேன். திருத்த ஆள் இல்லை. யானை மேல் ஏறிப்போய் நாற்று கொண்டுவந்தேன் என்றுகூட இதில் எழுதலாம். எழுதப்போவதில்லை.

வயலில் இறங்குவதற்கு முன் டீச்சர் ஆஜர் எடுத்தார்கள். கையில் நோட்டு இல்லை, எல்லாம் மனப்பாடம். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, வரப்பில் நின்றபடி "உள்ளேன் டீச்சர்" என்றோம். நடுவில் "மதிவதனி" என்றார்கள்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ சிங்கப்பூரில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டர் பரீட்சையில் இரண்டு தடவை தவறியபிறகு, டீச்சரிடம் சொல்லிக்கொள்ளாமலே நீ விமானம் ஏறியதும் தெரியும். நாலு வருஷமாக நீ அவர்களுக்கு ஒரு போன் பண்ணவில்லை. நம் பிள்ளை டாக்டராகும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்களே, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்திருப்பாய். அவர்கள் என்னிடம் வாராவாரம் கேட்பது ஒன்றுதான்: "அந்தப் பிள்ளை நேரத்துக்குச் சாப்பிடுதா?" நானும் வாராவாரம், "சாப்பிடுது டீச்சர், உங்களைக் கேட்டதா சொல்லச் சொல்லுச்சு" என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறேன்.

அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. என் குரலை உன் குரல் மாதிரி மெல்லிசாக்கிக்கொண்டு, "உள்ளேன் டீச்சர்" என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. டீச்சர் என்னையே பார்த்தார்கள். முட்டி போடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள்.

நான் பேசக் கற்றதிலிருந்து சொன்ன பொய்களில் அவர்கள் அடிக்காமல் விட்டது அது ஒன்றுதான். முன்பக்கத்தில் சிவப்பு மையில் முப்பத்தெட்டு என்று இருக்கிறதே, பார்த்தாயா? வந்தவர்கள் முப்பத்தேழு பேர், மதி. இரண்டு தடவை எண்ணினேன்.

தை பிறந்து பத்து நாளில் அறுப்பு. உன் பங்கு வரிசையை நான்தான் நட்டேன், கொஞ்சம் கோணலாக இருக்கும், பார்த்தாலே அடையாளம் தெரியும். எங்கே இருந்தாலும் மகராசியாக இரு, கண்ணு. அறுக்க வந்துவிடு. டீச்சர் கணக்கில் தப்பு இருக்கக் கூடாது.

மாமன்.