புல்லுக்குள் ஒரு பல்

மகளே,

பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பாப்பா செருப்பை உதறிவிட்டுப் புல்லில்தான் ஓடுவாள். இன்று விடாதே. பின்கதவைப் பூட்டியிருக்கிறேன், சாவி டீத்தூள் டப்பாவில். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

புல் ஓரம் வெட்டும் மெஷினில் மூன்று பிளேடையும் மாட்டிப் பார்த்தேன். மெல்லிய தட்டை பிளேடு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வெட்டுகிறது, ஆனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். தடித்த தட்டை பிளேடு தேயாது, ஆனால் அது ஒரு சுற்று சுற்றுவதற்குள் மண்புழு ஒன்று குடும்பத்தோடு வீடு மாறிவிட்டது. என் கண்ணால் பார்த்தேன். பல் வைத்த பிளேடுதான் இறுகிய மண்ணையும் வெண்ணெய் மாதிரி கிழித்தது.

"கல்லு கிடக்குற இடத்துக்குப் பல் பிளேடு வேணாம்ப்பா" என்று காலையில் சொன்னாய். "எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று கத்தினேன். நீ வேலைக்குப் போய்விட்டாய்.

கல் இருந்தது. இரண்டு பல் உடைந்து பறந்தன. ஒன்று கேட் அருகே கிடைத்தது, மற்றது புல்லுக்குள் எங்கேயோ கிடக்கிறது. மெக்கானிக்கிடம் பெரிய காந்தம் வாங்கிவரப் போகிறேன்.

அப்பா

பி.கு: காந்தம் வேண்டாம். மனசு கேட்கவில்லை, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரம் முழுக்கக் காலைத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். பாப்பாவின் காலுக்கு முன்னால் என் குதிகால் கண்டுபிடித்துவிட்டது. பக்கத்துத் தெரு டாக்டரிடம் போகிறேன். தரையில் சொட்டியிருப்பது தக்காளிச் சாறு என்று பாப்பாவிடம் சொல். அவள் ஓடட்டும்.

நீ சொன்னதுதான் சரி. பெரிய எழுத்தில் எழுதியிருப்பேன், சீட்டில் இடமில்லை.